பின்விளக்கை நம்பி

என் வீட்டுக்காரர் ஒயரில் ஈயம் வைத்தால் காக்கா எச்சம் போட்ட மாதிரி இருக்கும். இன்ஜினைக் கொடுங்கள், கண்ணைக் கட்டிவிட்டாலும் பிரித்துக் கோத்துவிடுவார். ஒயரிங் மட்டும் அவருக்கு ஏழாம் பொருத்தம். கல்யாணமான புதிதில் நான் பொட்டு வைத்த மாதிரி ஈயம் வைப்பதைப் பார்த்துவிட்டு, "இனிமே இந்தச் சனியன் எனக்கு வேண்டாம், நீயே பாத்துக்க" என்று சால்டரிங் அயர்னை என் கையில் திணித்தார். அன்றிலிருந்து எங்கள் பட்டறையில் இன்ஜின் அவருடையது, ஒயரிங் என்னுடையது. என் கை படாமல் ஒரு வண்டியும் வெளியே போனதில்லை, அவருடைய சொந்த வண்டியைத் தவிர.

அந்த வண்டியை நான் தொடக் கூடாது. "அது என் பொண்டாட்டி மாதிரி, இன்னொருத்தர் கை வைக்கக் கூடாது" என்று வாடிக்கையாளர்களிடம் சொல்வார். உண்மையான பொண்டாட்டி நான் பக்கத்தில் கையில் கிரீஸோடு நிற்கும்போதே சொல்வார். நானும் கூமுட்டை மாதிரி சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

போன மாதம் ஒரு நாள் அவர் உதிரிப்பாகம் வாங்கப் பஸ்ஸில் போயிருந்தார். அவர் வண்டியில் பிரேக் விளக்கு எரியவில்லை என்பது முந்தின நாளே என் கண்ணில் பட்டிருந்தது. பட்டறைக்காரர் வண்டியே விளக்கில்லாமல் திரிந்தால் ஊர் எதனால் சிரிக்கும் என்று சொல்லவே வேண்டாம். திட்டினால் திட்டட்டும் என்று சீட்டைக் கழற்றி, கழன்றுகிடந்த பிரேக் ஒயரை மாட்டினேன்.

உள்ளே கம்பெனிக்காரன் வைக்காத ஒரு ஒயர் ஓடியது. பின்விளக்கிலிருந்து கிளம்பி, டேங்குக்கு அடியில் பதுங்கி, இடது கைப்பிடிக்குக் கீழே இருந்த ஒரு சின்னக் கறுப்புப் பொத்தானில் போய் முடிந்தது. அந்தப் பொத்தானைப் பற்றி நான் முன்பே கேட்டிருக்கிறேன். பழைய ஹாரன், இப்போது வேலை செய்யாது என்பார். சாவியைப் போட்டு, பிரேக்கை மிதித்தபடி அழுத்திப் பார்த்தேன். பின்விளக்கு, பிரேக் விளக்கு இரண்டும் செத்தன. மறுபடி அழுத்தினேன். உயிர் வந்தது. இணைப்பில் இருந்த ஈயம் காக்கா எச்சம். அதன்மேல் சுற்றியிருந்த டேப்பில் புழுதி இறுகிக் கல்லாகியிருந்தது. நேற்று இன்று வைத்தது அல்ல.

ஓட்டிக்கொண்டே பின்விளக்கை அணைக்க ஒரு மனுஷனுக்கு என்ன அவசியம் வரும்? தரையில் உட்கார்ந்து யோசித்தேன்.

மலைச்சாலையில் ராத்திரி வண்டி ஓட்டாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். முன்விளக்கு வண்டி பார்க்கிற பக்கம்தான் பார்க்கும், சாலை திரும்புகிற பக்கம் பார்க்காது. வளைவில் அது வெறும் பள்ளத்துக்கு வெளிச்சம் அடித்துக்கொண்டிருக்கும். அதனால் கூட்டமாகப் போகிறவர்கள் சாலையைப் பார்த்து ஓட்டமாட்டார்கள். முன்னால் போகிறவனின் சிவப்பு விளக்கைப் பார்த்து ஓட்டுவார்கள். அது பளிச்சென்றால் பிரேக் பிடிக்க வேண்டும், அது சாய்கிற பக்கம் சாய வேண்டும். அது கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் முன்னால் போனவன் தூரமாகப் போய்விட்டான், சாலை நேராக இருக்கிறது என்று அர்த்தம். உடனே கை தானாக ஆக்சிலேட்டரை முறுக்கும். பகலில் ஓட்டுகிறவன் யாரும் இந்தத் தப்பைச் செய்யமாட்டான். ராத்திரி ஓட்டிப் பழகியவன் மட்டும்தான் செய்வான்.

என் தம்பி செய்தான்.

நான் இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை அவன். எனக்குச் சீதனமாக வந்தவன் என்று கேலி பேசுவார்கள். என் வீட்டுக்காரர்தான் அவனுக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தார். சனிக்கிழமை ராத்திரி ஆனால் அவரும் அவர் சிநேகிதர்களும் பழைய மலைச்சாலையில் ஏறுவார்கள். அவர்தான் எப்போதும் முன்னால். தம்பி, மாமா மாமா என்று அவர் வாலைப் பிடித்துக்கொண்டே போவான். அப்படி ஒரு ராத்திரிதான் ஒரு வளைவில் நேராகப் போய்க் குட்டைச் சுவரைத் தாண்டி விழுந்தான். வண்டி அவன் இடது கால்மேல் கிடந்தது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

அவனைத் தோளில் போட்டுக்கொண்டு மேலே ஏறிவந்தவர் என் வீட்டுக்காரர். ஆஸ்பத்திரி வாசலில் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். தம்பி கண் விழித்ததும், "என் தப்புதான்கா. வேகமா வந்துட்டேன்" என்றான். முடிந்தது கதை. யாரைக் குற்றம் சொல்ல?

அதற்குப் பிறகு அவர் காட்டிய அக்கறை இருக்கிறதே, ஊரே வாயைப் பிளந்தது. தினமும் காலையில் தம்பி கட்டிலில் உட்கார்ந்து காலை நீட்டுவான். இவர் முட்டிபோட்டு உட்கார்ந்து செயற்கைக் காலை மாட்டி, வாரை இழுத்துக் கட்டிவிடுவார். அவனே மாட்டிக்கொள்வான், கை இரண்டும் நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனாலும் மாமா வரும்வரை காத்திருப்பான். "பெத்த அப்பன்கூட இப்படிச் செய்யமாட்டான், நீ குடுத்து வெச்சவ" என்று பக்கத்து வீட்டுக்காரி என்னிடம் சொல்லிச் சொல்லி மூக்கைச் சிந்துவாள். அந்தப் பாழாய்ப்போன அக்கறைக்காக நான் இவர் காலில் விழாத குறை.

சீட்டை மாட்டிவிட்டு நேராக அஞ்சலகத்துக்குப் போனேன். தபால்காரர் அவர் சிநேகிதர், அந்தச் சனிக்கிழமைக் கூட்டத்தில் ஒருவர். பொய் சொல்லத் தெரியாதவர். தெரிந்திருந்தால் தபால்காரராகவே இருந்திருக்கமாட்டார்.

"அந்தக் கறுப்புப் பொத்தான் எதுக்கு?" என்றேன்.

அவர் முகம் பேயறைந்த மாதிரி ஆனது. கையில் இருந்த கடிதக் கட்டைக் கீழே வைத்தார். "சும்மா ஒரு விளையாட்டும்மா. கண்ணை மூடுறதுன்னு சொல்லுவோம். நேர் ரோட்டுலதான் மூடுவான். பின்னால வர்றவன் ஒரு நிமிஷம் பதறுவான், எல்லாரும் சிரிப்போம். அவ்வளவுதான்."

"அன்னிக்கு?"

"அன்னிக்கு..." தொண்டையைச் செருமினார். "கீழே டீக்கடையில யாரோ வாய வெச்சுக்கிட்டுச் சும்மா இல்ல. மச்சான் இன்னும் ஒரு வாரத்துல மாமாவை முந்திடுவான்னு சொல்லிட்டான். இவன் முகம் சுருங்கிப்போச்சு. அதுக்காக வளைவுல மூடுவான்னு நாங்க நினைக்கலம்மா. சத்தியமா அவனும் இப்படி ஆகும்னு நினைச்சிருக்கமாட்டான்."

"நீங்க எல்லாரும் பாத்தீங்க."

அவர் கீழே வைத்த கட்டை எடுத்துக் கடிதங்களை அடுக்க ஆரம்பித்தார்.

வீட்டுக்கு வந்து சோறு வடித்தேன். என்ன செய்வது, வயிறு எல்லோருக்கும் இருக்கிறதே. அவர் வந்ததும் தட்டு வைத்தேன். "உப்பு கொஞ்சம் தூக்கலா இருக்கே" என்றார். "அப்படியா" என்றேன். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். நானும் நினைத்துக்கொண்டுதான் இருந்தேன், இவனை எப்படிக் கொல்லலாம் என்று.

ஆமாம், கொல்லத்தான். பூசி மெழுக எனக்குத் தெரியாது. கூட்டம் கூட்டி நியாயம் கேட்டால் என்ன நடக்கும்? அழுவான். தெரியாமல் நடந்துவிட்டது என்பான். நாலு பேர் தட்டிக்கொடுப்பார்கள். என் தம்பியின் கால் முளைக்குமா? இவன் என்ன செய்தானோ அதே, அதே வளைவில், இவனுக்கு நடக்க வேண்டும். செத்தால் சாகட்டும், பிழைத்தால் ஒற்றைக் காலோடு பிழைக்கட்டும்.

என் வண்டியில் ஒரு கறுப்புப் பொத்தான் வைத்தேன். அவர் வைத்த அதே இடத்தில், இடது கைப்பிடிக்குக் கீழே. என் ஈயம் பொட்டு வைத்த மாதிரி இருந்தது. பின்னால் வெளிச்சம் பட்டால் மின்னும் சிவப்பு வில்லையைக் கழற்றிவிட்டேன். அவர் குளிக்கப் போன நேரத்தில் அவர் வண்டியின் முன்விளக்குத் திருகாணியைக் கொஞ்சம் தளர்த்தினேன். விளக்கு தலைகுனிந்து தரையைப் பார்த்தது. இதையெல்லாம் செய்யும்போது தம்பி பட்டறை மூலையில் உட்கார்ந்து பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தான். "என்னக்கா புதுசா?" என்றான். "ஹாரன் பொத்தான்டா" என்றேன். தலையை ஆட்டிவிட்டு டியூபைத் தண்ணீரில் முக்கினான்.

சமயம் தானாக வந்தது. ஒரு சாயங்காலம் மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பால் வண்டிக்காரர் போன் செய்தார். வேன் கிளம்பவில்லை, விடிவதற்குள் சரியாகவில்லை என்றால் அத்தனை பாலும் திரிந்துவிடும், இன்ஜினா ஒயரிங்கா என்று தெரியவில்லை, இரண்டு பேரும் வர வேண்டும் என்றார். விபத்துக்குப் பிறகு இவர் அந்தச் சாலையில் ராத்திரி ஏறியதே இல்லை. போகலாமா வேண்டாமா என்று தாடையைச் சொறிந்தார்.

"நான் வேலைக்காக வாரம் ஒரு தடவை போற ரோடு. நான் முன்னால போறேன்" என்றேன்.

"அதுவும் சரிதான். நீ முன்னால போ. உன் லைட்டைப் பிடிச்சுக்கிட்டே வரேன்" என்றார். அவர் வாயாலேயே சொன்னார். எனக்குச் சிரிப்பும் வந்தது, காறித் துப்பவும் தோன்றியது.

கிளம்பும்போது தம்பி கைத்தடியோடு வந்து நின்றான். "நானும் வரேன்கா. உன் பின்னால உக்காந்துக்கறேன்."

"பனியில நீ எதுக்குடா?"

"எத்தனை நாளாச்சு அந்தப் பக்கம் போய். வீட்லயே உக்காந்து உக்காந்து பூஞ்சை பிடிக்குது."

இவர், "வரட்டும் விடு, மாப்ளைக்கும் ஒரு மாத்தம்" என்றார். தேன் ஒழுகும் குரல். சரி, வரட்டும், அவன் கண்ணாலேயே பார்க்கட்டும் என்று நானும் விட்டுவிட்டேன்.

இவர் டூல் பெட்டியைப் பின்சீட்டில் கட்டிக்கொண்டார். தம்பி என் பின்னால் ஏறி, செயற்கைக் காலைக் கையால் தூக்கி மிதிக்கட்டையில் வைத்துக்கொண்டான். கிளம்பினோம்.

ஊரைத் தாண்டியதும் சாலை மலையில் ஒட்டிக்கொண்டு ஏறியது. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் முழங்கால் உயரச் சுவர், அதற்கு அப்பால் ஒன்றும் இல்லை. பனி புகை மாதிரி விளக்கின் முன்னால் ஓடியது. இரண்டாவது கியரில் இன்ஜின் முனகிக்கொண்டு வந்தது. முதல் சில வளைவுகளில் நான் அவருக்கு நன்றாகவே விளக்குப் பிடித்தேன். முன்கூட்டியே பிரேக்கைத் தொட்டேன், பளிச்சென்று காட்டினேன், மெதுவாகச் சாய்ந்தேன். கண்ணாடியில் அவர் விளக்கு தரையைக் கூட்டிக்கொண்டு ஒழுங்காக வந்தது. போகப் போக அவருக்கு நம்பிக்கை வந்துவிட்டது. இடைவெளி குறைந்தது, வேகம் கூடியது. வா ராசா வா என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். என் தம்பியும் உன் பின்னால் இப்படித்தானே வந்தான்.

தம்பி விழுந்த அந்த வளைவுக்கு முன்னால் கொஞ்ச தூரம் சாலை நேராக ஓடும். பிறகு பாறையை ஒட்டிப் படாரென்று இடது பக்கம் திரும்பும். நேரில் வேகத்தைக் கூட்டினேன். அவரும் கூட்டினார். பாறை நெருங்கியது. கட்டைவிரலைப் பொத்தானில் வைத்து அழுத்தினேன். இன்ஜினை அடக்கி வேகத்தைக் குறைத்து, பாறையை உரசுகிற மாதிரி இடது பக்கம் சாய்ந்து வளைவுக்குள் போனேன்.

பின்னால் அவர் இன்ஜின் சத்தம் ஏறியது. முறுக்கிவிட்டான். சிவப்பைக் காணோம் என்றதும் கை தானாக முறுக்கிவிட்டது. போனான் என்று நினைத்தேன்.

அடுத்த நொடி பிரேக் அலறியது. டயர் தேயும் சத்தம், இரும்பு கல்லில் உரசும் சத்தம். பிறகு விழும் சத்தம் வரவில்லை. இன்ஜின் மட்டும் படபடவென்று நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. நான் வண்டியை ஓரமாக நிறுத்தித் திரும்பினேன். சாலையில் வெள்ளை வெளிச்சம் ஆடியது. தம்பி இடுப்பை முறுக்கிப் பின்பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தான். கையில் செல்போன், அதன் டார்ச் எரிந்துகொண்டிருந்தது. நான் விளக்கை அணைத்ததும் அவன் அதைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்திருக்கிறான்.

"என்னடா பண்ணின பாவி?" என்றேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. "அவன் யாரு, உனக்கு என்ன பண்ணினவன்னு தெரியுமாடா?"

"கத்தாதக்கா. அவருக்குக் கேக்கும்." டார்ச்சை அணைத்தான். "அன்னிக்கு லைட்டு அணைஞ்சதை என்னைவிட நல்லாப் பாத்தவங்க யாரு? நான்தானே பின்னால இருந்தேன். நீ ஹாரன் பொத்தான்னு சொன்னப்பவே உன் திட்டமும் தெரிஞ்சுபோச்சு."

இது எனக்குத் தோன்றவே இல்லை பாருங்கள். தபால்காரரைத் தேடிப் போய்க் கேட்டேன், ஒயரை நோண்டினேன், டேப்பின் புழுதியைப் பார்த்தேன். பின்னால் வந்தவனுக்குத் தெரியாமல் எப்படி இருக்கும் என்று யோசிக்கவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தது இவர் மட்டும் அல்ல.

"எனக்காகத்தான் மறைச்சியாடா? என் வாழ்க்கை போயிடும்னா?"

"ஆஸ்பத்திரில அப்படித்தான்கா. உன் மூஞ்சியப் பாத்ததும் என் தப்புன்னு சொல்லிட்டேன். அப்புறம் மாமா முதல் தடவை எனக்குக் கால் மாட்டினாரு. எனக்குத் தெரியுமா தெரியாதான்னு என் கண்ணையே பாத்தாரு. அப்பதான் புரிஞ்சுது." குளிரில் மூக்கை உறிஞ்சினான். "தெரியும்னு சொன்னா ஒரு நாள் அழுவாரு, கால்ல விழுவாரு, நாலு பேர் சேர்ந்து மன்னிச்சிடுவாங்க. தெரியாதுன்னு நம்பிட்டா நிம்மதியாத் தூங்குவாரு. ரெண்டும் கூடாது. அதனாலதான் தினமும் காலை நீட்டறேன். அவர் முட்டிபோட்டு வாரை இழுக்கும்போது, மாமா, அன்னிக்கு ராத்திரின்னு ஆரம்பிப்பேன். கை அப்படியே நிக்கும். நல்ல குளிரு இல்லன்னு முடிப்பேன். மறுபடி வாரை இழுப்பாரு."

பாறைக்கு அந்தப் பக்கம் அவர் இன்ஜின் நின்றது.

"ராத்திரி அவர் எழுந்து நடக்கிறது உனக்குக் கேட்டதில்லையா? எனக்குக் கேக்கும். அதைக் கேட்டாதான் எனக்குத் தூக்கம் வரும். நீ அதை ஒரே நிமிஷத்துல முடிச்சிடப் பாத்தியே. அவர் போயிட்டா நான் காலையில யார்கிட்டக் காலை நீட்டறது?"

நான் தூக்கி வளர்த்த பிள்ளை. சாது மிரண்டால் காடு கொள்ளாது என்பார்கள். இவன் மிரளக்கூட இல்லை, உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒரு ஆளை அரைத்துக்கொண்டிருந்திருக்கிறான். அந்த ஆளுக்குப் பக்கத்தில் படுத்திருந்த எனக்குத் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாகப் பெருமையாக இருந்தது, அதை மறைக்க விரும்பவில்லை.

பாறையைச் சுற்றிக்கொண்டு அவர் வண்டியைத் தள்ளியபடி வந்தார். முன்மட்கார்டு நசுங்கித் தொங்கியது. பால் மாதிரி வெளுத்துப்போயிருந்தார்.

"உன் லைட்டு போச்சே" என்றார்.

"போச்சா? ஒயர் லூஸா இருக்கும்."

"உன் வண்டியிலயா?"

"ஏன், என் வண்டின்னா ஆகாதா? எல்லா வண்டியிலயும் ஆகறதுதான்."

அவர் என்னைப் பார்த்தார். இடது கைப்பிடிக்குக் கீழே என் கை இருந்த இடத்தைப் பார்த்தார். தம்பியைப் பார்த்தார். கேட்டுவிட வேண்டும் என்று உதடு துடித்தது. கேட்டால் எதற்காகச் சந்தேகப்படுகிறார் என்று அவரே சொல்ல வேண்டும். கேட்கவில்லை. எனக்கு நாக்கு நுனிவரை எல்லாம் வந்து நின்றது. தம்பி என் முதுகில் ஒரு விரலால் அழுத்தினான். விழுங்கிக்கொண்டேன். வாழ்க்கையில் நான் விழுங்கியதிலேயே கஷ்டமானது அதுதான்.

"நான் முன்னால போறேன்" என்றார்.

"உங்க ஹெட்லைட் தரையைப் பாக்குது. நான்தான் முன்னால போகணும். வாங்க, பால் திரிஞ்சிடும்."

"திரும்பிப் போயிடலாமே" என்றார் மெதுவாக.

"திரும்பினாலும் வளைவுதானே மாமா" என்றான் தம்பி, அத்தனை அன்பாக. "பயப்படாதீங்க. மறுபடி லைட்டு போச்சுன்னா நான் செல்போன் காட்டறேன். சார்ஜ்தான் கொஞ்சம் கம்மியா இருக்கு."

அவர் வண்டியில் ஏறினார். உதைக்க உதைக்கக் கால் நழுவியது. அதற்குள் நான் பொத்தானை அழுத்திப் பின்விளக்குக்கு உயிர் கொடுத்து, வண்டியை நகர்த்தியிருந்தேன். கண்ணாடியில் அவர் விளக்கு நடுங்கிக்கொண்டே பின்னால் வந்தது. வளைவு வரும்போதெல்லாம் நடக்கிற வேகத்துக்குக் குறைந்தது. வேறு வழி இல்லை. அந்தச் சிவப்பை விட்டால் அவருக்குச் சாலையே கிடையாது.

உச்சியைத் தாண்டி இறக்கம் தொடங்கியது. தம்பி என் காதருகே குனிந்தான்.

"அக்கா."

"என்னடா?"

"இந்த நேர் ரோட்டுல ஒரே ஒரு தடவ அணைச்சுப் போடேன்."

அணைத்துப் போட்டேன். பின்னால் பிரேக் அலறியது. தம்பி என் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். கால் போன பிறகு அவன் அப்படிச் சிரித்து நான் கேட்டதே இல்லை.